சந்தேகங்களுக்கு விளக்கம்: ஃபார்மட் செய்த கார்டில் இருந்த படங்கள் எங்கே போயின?

வணக்கம் நேயர்களே. கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. ஆனால் இன்று ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். தம்பி மகளின் காதுகுத்து விழாவைத் தம் கேமராவில் எடுத்திருக்கிறார். காலையிலிருந்து எல்லாம் சரியாகப் போயிருக்கிறது. பந்தியை எடுக்கப் போகும்போது, கார்டைப் பயன்படுத்த முடியவில்லை, ஃபார்மட் செய்யவும் என்று திரையில் வந்திருக்கிறது. செய்துவிட்டார். பிறகு அதே கார்டில் பந்தியில் ஏழெட்டுப் படங்கள் எடுத்திருக்கிறார். வீட்டில் பார்த்தால் இலையும் சாம்பார் வாளியும் மட்டும்தான் இருக்கின்றன. கடையில் கேட்டதற்குக் கார்டு செத்துவிட்டது, புதிது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். இதுவரை வழக்கமாக வருகிற கேள்விதான். கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார் பாருங்கள்: "64 ஜிபி கார்டு, ஃபார்மட் ஆக இரண்டு விநாடிகூட ஆகவில்லை. அத்தனை படங்களும் அதற்குள் எங்கே போயிருக்கும்?"

இந்த ஒரு வரிக்காகத்தான் மற்றக் கேள்விகளை எல்லாம் தள்ளி வைத்தேன். எத்தனையோ பேர் படம் போய்விட்டது என்று எழுதுகிறார்கள். எத்தனை விநாடியில் போனது என்று கவனித்தவர் இவர்தான்.

சகோதரி, அநேகமாக எங்கேயும் போகவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான கேமராக்களில் இருக்கும் யூஎச்எஸ்-1 வகைக் கார்டுக்கு உச்ச வேகமே நொடிக்கு 104 எம்பி. அந்த வேகத்தில் எழுதினாலும் 64 ஜிபியை நிரப்பப் பத்து நிமிடம் ஆகும். கார்டின் மேல் வி30 என்று போட்டிருக்கிறதே, அது விடாமல் எழுதும்போது நொடிக்கு 30 எம்பிக்குக் குறையாது என்ற உறுதி. அந்தக் கணக்கில் அரை மணி நேரத்துக்கும் மேல். இரண்டு விநாடியில் அவ்வளவையும் எழுதி மறைக்க முடியாது. அந்த இரண்டு விநாடியில் மாறியது பதிவேடு மட்டும்தான்.

நம் பழைய நேயர்களுக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியும். சிலர் சிரிப்பதும் எனக்குத் தெரிகிறது. பட்டா கதைதான். புதிதாக வந்தவர்களுக்காக இன்னொரு முறை சொல்கிறேன். தாலுகா அலுவலகத்தில் ஒரு நிலத்தின் பட்டாவில் பெயரை அடித்துவிட்டால் நிலம் மறைந்துவிடுமா? நெல் அங்கேயேதான் நிற்கும். இன்னொருவருக்குப் பட்டா போட்டு, அவர் வந்து ஏர் பூட்டி உழுதால்தான் அந்த நெல் போகும். கார்டிலும் அப்படித்தான். எந்தப் படம் எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்ற பதிவேடு தனியாக இருக்கிறது. 32 ஜிபி வரையுள்ள கார்டுகளில் அந்த முறைக்கு ஃபேட்32 என்று பெயர், அதற்கு மேல் எக்ஸ்ஃபேட். ஒரு படத்தை அழித்தால் அந்த ஒரு வரி அடிக்கப்படுகிறது. ஃபார்மட் செய்தால் மொத்தப் பதிவேட்டுக்கும் புதிய வெற்றுத்தாள். இரண்டிலும் நெல் வயலில்தான் நிற்கிறது.

ஒரு விலக்கு உண்டு. சில கேமராக்களின் ஃபார்மட் மெனுவில் லோ லெவல் ஃபார்மட் என்று ஒரு கட்டம் இருக்கும். அது பதிவேட்டோடு நிற்காமல் வயலையும் சேர்த்து அழிக்கிற முறை. அதில் டிக் போட்டுச் செய்திருந்தால் நம்பிக்கை வேண்டாம். கேமராவே கார்டுக்கு அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிடுகிற வகையும் இருக்கிறது. உங்கள் கேமரா எந்த வகை என்று படங்களை மீட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, சகோதரி உழுதது எவ்வளவு? பந்திப் படங்கள் ஏழெட்டு. ஃபார்மட் ஆன கார்டில் கேமரா பொதுவாக முதலிலிருந்துதான் எழுத ஆரம்பிக்கும். விழாவையும் காலிக் கார்டில்தான் தொடங்கியிருந்தார் என்றால், பந்திப் படங்கள் உட்கார்ந்திருப்பது காலையில் முதன்முதலாக எடுத்த படங்களின் இடத்தில். வாசல் கோலமும் பிள்ளையார் பூஜையும் போயிருக்கலாம். தாய்மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்து வீறிடும் படம் நடுவில் எங்கோ பத்திரமாக இருக்க வேண்டும். இன்னொரு படம் எடுக்காத வரை.

அதனால் முதல் காரியம், அந்தக் கார்டைக் கேமராவிலிருந்து வெளியே எடுங்கள். பக்கவாட்டில் சின்னத் தாழ்ப்பாள் இருக்கும், அதை லாக் பக்கம் தள்ளுங்கள். அது வெறும் பிளாஸ்டிக் துண்டு. கார்டுக்குள் எதனுடனும் அதற்குத் தொடர்பில்லை. கார்டைக் கணினியில் படிக்க உதவும் ரீடர்தான் அதன் நிலையைப் பார்த்து எழுதாமல் இருக்க வேண்டும், எல்லா ரீடரும் அவ்வளவு ஒழுக்கமாக இருக்காது. ஆனாலும் தள்ளிவிடுங்கள். கணினியில் போட்டதும் இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்றோ, பிழை இருக்கிறது, சரிசெய்யட்டுமா என்றோ விண்டோஸ் கேட்கலாம். இரண்டுக்கும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். சரிசெய்கிறேன் என்று அது பதிவேட்டில் கை வைத்தால் மிச்சமிருக்கிற தடயமும் குழம்பிவிடும்.

அடுத்து, கார்டை அப்படியே ஒரு கோப்பாகப் படியெடுக்க வேண்டும். படங்களை அல்ல, காலி என்று காட்டுகிற இடத்தையும் சேர்த்து முழுக் கார்டையும். விண்டோஸில் வின்32 டிஸ்க் இமேஜர் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். அதில் ரீட், ரைட் என்ற இரண்டு பொத்தான்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. எதற்காக அப்படி வைத்தார்களோ! ரீட் மட்டும்தான் அழுத்த வேண்டும். ரைட்டை அழுத்தினால் வயல் முழுவதையும் நீங்களே உழுததாகிவிடும்.

பிறகு ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள். கிறிஸ்டோஃப் கிரனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கிறார். அது பதிவேட்டைப் பார்ப்பதே இல்லை, நேராக வயலில் இறங்கித் தேடுகிறது. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகளில்தான் தொடங்கும். அந்த அடையாளத்தைக் கண்டதும் அங்கிருந்து ஒரு படத்தை எடுத்து வைத்துக்கொண்டு மேலே போகும். ரா எனப்படும் பதப்படுத்தாத படக் கோப்புகளுக்கும் அதற்குரிய அடையாளங்கள் உண்டு. படியெடுத்த கோப்பின் மேல் அதை ஓட்டுங்கள், மீண்ட படங்களைக் கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் சேமியுங்கள். மீட்ட படங்களை அதே கார்டிலேயே சேமிக்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்குத் தலை சுற்றும்.

வீடியோவும் எடுத்திருந்தால் அது கடினம். எம்பி4 கோப்பின் உள் அட்டவணையைக் கேமரா பெரும்பாலும் பதிவு முடிந்த பிறகுதான் கடைசியில் எழுதுகிறது, கோப்பும் பல இடங்களில் சிதறிக் கிடக்கலாம். அதைத் தனியாக ஒரு நாள் பேசலாம்.

கேமரா ஏன் ஃபார்மட் கேட்டது என்பதையும் சொல்ல வேண்டும். சிவப்பு விளக்கு மின்னும்போதே கார்டை உருவுவது, பேட்டரி தீரத் தீர எடுத்துக்கொண்டே போவது, மைக்ரோ கார்டை அடாப்டரில் போட்டு அது தளர்ந்து ஆடுவது, தங்க நிறத் தொடுமுனைகளில் வியர்வை பட்டிருப்பது, இவைதான் பெரும்பாலும். கேனனில் எர் 02 என்றும், நிக்கானில் சிஹெச்ஏ என்றும் வருவதெல்லாம் கார்டோடு பேச முடியவில்லை என்ற புகார்தான். உடனே ஃபார்மட்டுக்குப் போகாதீர்கள். கேமராவை அணைத்து, கார்டை எடுத்து, உலர்ந்த மென்துணியால் தொடுமுனையைத் துடைத்து, மறுபடி போட்டுப் பாருங்கள். கேட்கவில்லையா, வேறு கார்டு போட்டு விழாவைத் தொடருங்கள்.

இன்னொரு காரணம் போலிக் கார்டு. தெரிந்த ஸ்டூடியோக்காரர் ஒருவர் மலிவாகக் கிடைக்கிறதென்று 128 ஜிபி கார்டு வாங்கினார். ஓர் அளவு வரை படங்கள் அருமையாக இருக்கும், அதற்குப் பிறகு பாதிப் படம் சாம்பல் நிறமாக வரும். கேமராவில் கோளாறு என்று என் மேசைக்கு அதைத்தான் கொண்டுவந்தார், கார்டை அல்ல. உள்ளே இருந்தது மிகச் சிறிய மெமரி. தன்னை 128 என்று சொல்லும்படி கார்டுக்குள் மெமரியை நிர்வகிக்கும் சிப்பான கன்ட்ரோலரை மாற்றியிருக்கிறார்கள். இல்லாத நிலத்துக்குப் பட்டா! ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்று இரண்டு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கார்டு முழுவதும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டுச் சொல்லிவிடும். எந்தக் கடையில் வாங்கினாலும், முதல் படம் எடுப்பதற்கு முன் ஓர் இரவு இதை ஓடவிடுங்கள். 64 ஜிபி வாங்கினேன், கணினி 59.6 என்று காட்டுகிறதே, போலியா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆல் எண்ணுகிறது.

இப்போது என் மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். எப்படி மீட்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். கார்டை எப்போது அழிக்கலாம் என்று ஒருவரும் கேட்பதில்லை. சகோதரி கேட்காவிட்டாலும் நான் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்க்குகளில் படி எடுத்து, அந்தப் படிகளைத் திறந்து கண்ணால் பார்த்த பிறகு. அதற்கு முன் கூடாது. திறந்து பார்ப்பதுதான் முக்கியம். கோப்பின் பெயர் இருக்கிறது, எம்பி கணக்கும் சரியாக இருக்கிறது, ஆனால் திறந்தால் பாதி சாம்பல். பெயர் இருப்பதால் படம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மேலே சொன்ன கதையின் மறுபக்கம்தானே இது? பட்டா இருக்கும், வயலில் நெல் இருக்காது.

இரண்டு கார்டு போடும் கேமரா என்னிடம் இருக்கிறது, எனக்குக் கவலையில்லை என்பீர்கள். கல்யாண வீடுகளில் எடுக்கும் நண்பர் ஒருவரும் அப்படித்தான் இருந்தார். முகூர்த்தம் முடிந்து முதல் கார்டு படுத்துவிட்டது. இரண்டாவதில் இருக்கும் என்று நிதானமாகத் திறந்தால், அதில் ஒரு படம்கூட இல்லை. மெனுவில் ஓவர்ஃப்ளோ என்று இருந்திருக்கிறது. முதல் கார்டு நிரம்பினால்தான் இரண்டாவதுக்குப் போகும். பேக்கப் என்று மாற்றினால்தான் ஒரே படம் இரண்டிலும் பதியும். தாலி கட்டுவதை இன்னொரு முறை கட்டுங்கள் என்று கேட்க முடியுமா? இந்த வீடியோவைப் பார்த்து முடித்ததும் அந்த மெனுவைத் திறந்து பாருங்கள். இல்லை, நிறுத்திவிட்டு இப்போதே பாருங்கள்.

நான் அழிப்பதே இல்லை, கார்டு நிரம்பினால் பீரோவில் வைத்துவிட்டுப் புதிது வாங்குவேன் என்று ஒரு நேயர் முன்பு பெருமையாக எழுதியிருந்தார். அதுவும் வேண்டாம். இந்தக் கார்டுகளில் இருப்பது நாண்ட் ஃபிளாஷ். 1987-இல் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா குழுவினர் வெளியிட்ட தொழில்நுட்பம். கண்ணுக்குத் தெரியாத சிறு அறைகளில் மின்னூட்டத்தை அடைத்துவைத்துத்தான் அது ஞாபகம் வைத்துக்கொள்கிறது. அந்த மின்னூட்டம் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசியும், சூடான இடத்தில் இன்னும் வேகமாக. நம் ஊர் வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழ் அறை பீரோ எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கேமராவில் ஒவ்வொரு படமாக அழித்தால் கார்டு கெட்டுவிடும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. எனக்கு அது மிகையாகத்தான் படுகிறது. எழுதும் தேய்மானத்தைக் கார்டு முழுவதும் பரப்பிவிடுவது உள்ளே இருக்கும் கன்ட்ரோலரின் வேலை. தாராளமாக அழியுங்கள். நான் பயப்படுவது, கூட்டத்தில் அவசரமாக அழிக்கும்போது பக்கத்துப் படமும் சேர்ந்து போவதற்குத்தான். மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: கார்டைச் செருகி அங்கே அழித்தால், படங்கள் கார்டுக்குள்ளேயே மறைந்திருக்கும் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். எல்லாவற்றையும் அழித்தேன், கார்டு இன்னும் நிரம்பியிருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். டிராஷைக் காலி செய்யுங்கள், அல்லது கேமராவில் போட்டு ஃபார்மட் செய்யுங்கள்.

சகோதரி, மறுபடி உங்களிடம் வருகிறேன். ஃபோட்டோரெக் வேலையை முடித்ததும் ரெகப்_டிர் என்று தொடங்கும் ஃபோல்டர்களில் நூற்றுக்கணக்கில் கோப்புகள் கிடக்கும். எஃப் என்ற எழுத்தும் பின்னால் நீளமாக ஓர் எண்ணும்தான் பெயர். பழைய பெயர்கள் பதிவேட்டோடு போய்விட்டன. டி என்று தொடங்குபவை தம்நெயில் எனப்படும் குட்டிப் படங்கள், அவற்றைப் பார்த்துப் படம் சிறுத்துவிட்டது என்று பயப்படாதீர்கள். படம் எடுத்த தேதியும் நேரமும் ஒவ்வொரு படத்துக்கு உள்ளேயே பதிந்திருக்கும், அதை வைத்து வரிசைப்படுத்தினால் விழா ஒழுங்காக வந்துவிடும். நடுவில் போன தீபாவளிப் படங்களும் பழைய சுற்றுலாப் படங்களும் தலைகாட்டலாம். கார்டைப் பிறருக்கு விற்பவர்கள் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் சொன்னபடி கார்டு செத்துவிட்டதா? ஃபார்மட் ஆகிப் பந்திப் படங்களையும் ஏற்றுக்கொண்ட கார்டைச் செத்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. படங்களை மீட்டு, இரண்டு இடங்களில் வைத்து, திறந்து பார்த்த பிறகு, ஹெச்2டெஸ்ட்டபிள்யூவை ஓட்டுங்கள். ஒரு பிழைகூட இல்லாமல் முடித்தால் வீட்டுப் படங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு பிழை காட்டினாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள், பிள்ளைகள் விளையாட எடுத்துக் கேமராவில் செருகிவிடாதபடி இரண்டாக உடைத்து.