“இது என்ன உங்க அப்பா வீட்டு ரோடா?”

எல்லாருக்கும் வணக்கம். பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா? எங்கள் பீலிதான், மலையிலிருந்து குழாயில் விழுகிற ஊற்றுத் தண்ணீர். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்குக் கிட்டே, மெயின் ரோட்டுக்குக் கீழே இருக்கிற தேயிலைத் தோட்டத்திலிருந்து பேசுகிறேன். மழை இருட்டிக்கொண்டு வருகிறது, அதனால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

போன ஞாயிறு எங்கள் தேயிலைக்குள் குப்பை போட்ட ஒரு வேன்காரரோடு பேசினேன் என்று முன்பு சொல்லியிருந்தேன் இல்லையா? நிறையப் பேர், “அவர் முகத்தைக் காட்டு, வேன் நம்பரைப் போடு” என்கிறீர்கள். போட மாட்டேன். வேனுக்குள் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் யாராவது ஒருவர் ஃபோனில் அவர்களுடைய அப்பாவைக் காட்டிச் சிரிக்க வேண்டாம்.

ஏப்ரல் சீசனில் ஹட்டன் பக்கமிருந்து நுவரெலியாவுக்கு ஏறுகிற வாகனங்கள் எங்கள் ரோட்டில்தான் போகும். டெவோன், சென்.கிளயார் நீர்வீழ்ச்சிகளைப் பார்க்க நிறுத்துவார்கள், அப்படியே சோத்துப் பார்சலைப் பிரிப்பார்கள். வரட்டும், சாப்பிடட்டும், எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் சாப்பிட்டு முடித்ததும் சோறு சுற்றி வந்த பிளாஸ்டிக் தாள், அதுதான் லஞ்ச் ஷீட், யோகட் கப், போத்தல் எல்லாம் தேயிலைக்குள் வந்து விழுகிறது. லஞ்ச் ஷீட்டுக்கு 2017இலேயே தடை வந்தது. இன்றைக்குக் காலையில்கூட ஏழெட்டுப் பொறுக்கினேன்.

அந்தத் தேயிலைக்குள் இறங்கி நிற்பது என் அம்மா. இரண்டு வருடத்துக்கு முன்னால் கொழுந்து எடுக்கும்போது உடைந்த பியர் போத்தல் காலில் ஏறிவிட்டது. 6 தையல். 11 நாள் வேலைக்குப் போகவில்லை. போகாவிட்டால் அன்றைய கணக்கில் பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. போத்தலை எறிந்தவருக்கு இது தெரியவே தெரியாது. அதனால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, அந்த ஞாயிறு. மேலே ஏறிப்போய், “அண்ணே, குப்பையை எடுத்துக்கிட்டுப் போங்க” என்றேன். அவர் திரும்பி, “இது என்ன உங்க அப்பா வீட்டு ரோடா?” என்று கேட்டார்.

எனக்கு வாயடைத்துவிட்டது. ரோட்டை விடுங்கள், நாங்கள் இருக்கிற லயத்துக்கே, இந்தத் தோட்டத்து வரிசை வீட்டுக்கே, எங்கள் கையில் உறுதிப் பத்திரம் இல்லை. மலையகத் தமிழர் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து 200 வருடம் என்று 2023இல் நினைவுகூர்ந்தோம். இத்தனை தலைமுறைக்குப் பிறகும் காணி இல்லாத குடும்பங்கள்தான் இங்கே அதிகம். வெளியாள் வந்தால் ஒதுங்கி நில் என்று பழக்கப்பட்டவர்கள் எங்கள் தாத்தாமார். அந்தப் பயம் எனக்குள்ளேயும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் சொன்னேன்: “ரோடு எங்க அப்பாவோடது இல்லண்ணே. ஆனா இதுக்குக் கீழே இருக்கிற பீலியில எங்க அப்பா குளிக்கிறாரு, நாங்க குடிக்கிறோம்.” அவர் ஒன்றும் பேசவில்லை. அவருடைய மனைவி இறங்கி இரண்டு கப்பை எடுத்தார். மீதியை நான் பொறுக்கினேன்.

யோசித்துப் பார்த்தால் என் பக்கமும் பிழை இருக்கிறது. பிள்ளைகளுக்கு முன்னால் குரலை உயர்த்தியிருக்கக் கூடாது. இப்போது ஓர் உரச் சாக்கோடுதான் போகிறேன். நேற்று ஒரு சிங்களக் குடும்பம். “அக்கே, இதில் போடுங்கள், நான் கொண்டுபோகிறேன்” என்று சிங்களத்தில் சொன்னேன். அவர்களுடைய மகன், பத்து வயது இருக்கும், வேறு யாரோ போட்ட போத்தல்களையும் ஓடி ஓடிப் பொறுக்கினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குடித்திருக்கிற கூட்டத்திடம் மட்டும் தனியாகப் போகாதீர்கள், தங்கச்சிமாரே. வாகன நம்பரைக் குறித்துக்கொண்டு பொலிஸில் சொல்லுங்கள், அது போதும்.

“உங்கள் லயத்துக் கான் சுத்தமா?” என்று எங்கள் வடிகாலைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இல்லை. ஷாம்பு பாக்கெட் கிடக்கிறது. தோட்டங்களுக்குள் பிரதேச சபை வேலை செய்ய 2018இல்தான் சட்டத்தைத் திருத்தி வழி விட்டார்கள். எங்கள் லயத்துக்குக் குப்பை லொறி இன்னும் வரவில்லை, எரிக்கிறோம். அது சரியில்லை என்று எங்கள் ஆட்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொந்தக்காரர்களிடம் சொல்வது இன்னும் கஷ்டம்!

இந்தப் பீலித் தண்ணீர் கொத்மலை ஓயா என்கிற ஆற்றில் சேர்ந்து மகாவலிக்குப் போகிறது. மகாவலி 335 கிலோமீட்டர் ஓடித் திருகோணமலைப் பக்கம் கடலில் விழுகிறது. வழியில் எத்தனை ஊர் குடிக்கிறது, எத்தனை வயல் விளைகிறது. இங்கே ஒரு கப்பை எறியும்போது இதெல்லாம் யாருக்கும் கண்ணில் படுவதில்லை.

நாளைக்கும் ரோட்டோரம் நிற்பேன். லயத்துப் பிள்ளைகள் மூன்று பேர் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள், அவர்களுக்கும் சாக்குத் தேட வேண்டும். மழை விழத் தொடங்கிவிட்டது, வைக்கிறேன்.