கீல் தளர்ந்திருந்தால்தான் கதவு ஒழுகாது

[திரையில்: தண்டவாள மட்டத்தில் வைத்த கேமரா. நிலக்கரி ரயில் மெதுவாகக் கடக்கிறது. ஒரு வேகனின் அடியிலிருந்து மெல்லிய கறுப்புக் கோடாகத் தூள் விழுகிறது.]

இந்தக் கறுப்புக் கோட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். வேகனின் அடிக்கதவு மூடித்தான் இருக்கிறது. லாக்கும் விழுந்திருக்கிறது. ஆனாலும் தூள் கொட்டிக்கொண்டே போகிறது. எந்தப் பக்கத்திலிருந்து? லாக் இருக்கும் பக்கம் சுத்தமாக இருக்கிறது. தூள் வருவது கீல் இருக்கும் பக்கத்திலிருந்து.

கதவு ஒழுகினால் எல்லோரும் முதலில் லாக்கைத்தான் திட்டுவார்கள். கீலை யாரும் நினைப்பதில்லை. நினைத்தால்கூட, "கீல் ஆடுகிறது, இறுக்கமாகச் செய்யுங்கள்" என்பார்கள். அந்த யோசனைதான் தப்பு. ஏன் என்று பார்க்கலாம்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. நூறு டன்னுக்குப் பக்கத்தில் எடையுள்ள வண்டியில் ஒரு கைப்பிடித் தூள் சிந்தினால் என்ன போய்விடும்? சரக்கு பெரிதாகப் போகாது. போவது பாதை. தண்டவாளத்துக்கு அடியில் கருங்கல் ஜல்லி கொட்டி வைத்திருப்பதே, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியாக மழைநீர் வடிந்து போகட்டும் என்றுதான். அந்த இடுக்கில் நிலக்கரித் தூள் அடைத்துக்கொண்டால், மழைக்குப் பிறகு ஜல்லி சேறாகிவிடும். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், பவுடர் ரிவர் படுகையிலிருந்து நிலக்கரி வரும் பாதையில், 2005 மே மாதம் அடுத்தடுத்து இரண்டு ரயில்கள் தடம் புரண்டன. ஜல்லியில் சேர்ந்த தூளும் ஈரமும் சேர்ந்துதான் பாதையைப் பலவீனமாக்கின என்று அப்போது பேசப்பட்டது. அங்கே பெரும்பாலான தூள் திறந்த மேற்பக்கத்திலிருந்து பறந்தது. அடிக்கதவிலிருந்து விழும் தூளோ பறந்து அலைவதில்லை. நேராகப் பாதையின் நடுவில்தான் இறங்கும்.

சரி, கீலுக்கு வருவோம்.

[திரையில்: வேகனின் குறுக்குவெட்டுப் படம். இருபுறமும் சரிவுத் தகடு, அடியில் கதவு, ஓரத்தில் கீல்.]

கீலின் மேல் எவ்வளவு பாரம் விழும்? ஒரு கணக்குப் போடலாம். கொட்டிய நிலக்கரி ஒரு கன மீட்டர் சுமார் 850 கிலோ. கதவுக்கு மேலே இரண்டரை மீட்டர் உயரம் நிற்கிறது என்றால், ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு டன்னுக்குச் சற்று மேல். கதவு ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் நீளம் என்று வையுங்கள். மொத்தம் மூன்று டன் சொச்சம். அதில் பாதி லாக் பக்கம், பாதி கீல் பக்கம். இரண்டு கீல் இருந்தால் ஒன்றுக்கு முக்கால் டன் போல. கீலின் துளைக்குள் கோத்திருக்கும் உருளைக் கம்பியைப் 'பின்' என்பார்கள். 40 மி.மீ. தடிமனான பின் இதைச் சுலபமாகத் தாங்கிவிடும். இரும்புத் தாது மூன்று மடங்கு கனம்தான், ஆனால் எடை வரம்பு இருப்பதால் அதை அவ்வளவு உயரத்துக்குக் குவிக்கவே மாட்டார்கள்.

ஆக, பாரம் கீலைக் கெடுப்பதில்லை. கெடுப்பது ஒரு சின்னக் கல்.

[திரையில்: கீல் பக்கத்து விளிம்பு பெரிதாக. நடுவில் ஒரு மணல் பருமன் துகள்.]

பாக்குவெட்டி ஏன் பாக்கை அவ்வளவு சுலபமாக உடைக்கிறது? பாக்கு மூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, கை தூரத்தில் இருக்கிறது. வேகன் கதவும் அப்படித்தான். கதவு மூடும்போது கீலிலிருந்து 50 மி.மீ. தள்ளி ஒரு துகள் மாட்டிக்கொண்டது என்று வையுங்கள். அதன் பருமன் ஒரே ஒரு மில்லிமீட்டர். மறுமுனை ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது, அதாவது இருபது மடங்கு தூரம். அங்கே கதவு 20 மி.மீ. திறந்தே நிற்கும். லாக் அதை ஒரு டன் விசையோடு இழுத்து மூடுகிறது. அந்தத் துகளின் மேல் விழுவது 20 டன். கதவைக் கீலிலிருந்து நெம்பிப் பிரிக்கப் பார்ப்பது 19 டன்!

நிலக்கரி இவ்வளவுக்குத் தாங்காது, பொடியாகிவிடும். ஆனால் அதனோடு வரும் கல்லும் மணலும் அப்படி அல்ல. பின்னும் வெட்டுப்படாது. 40 மி.மீ. பின்னை இரண்டு பக்கமும் பிடித்திருந்தால் 19 டன் அதற்குப் பெரிய விஷயமே இல்லை. கெடுவது எது என்றால், பின்னைப் பிடித்திருக்கும் காது. அது வளையும், துளை நீள்வட்டமாகும், வெல்டிங் ஓரத்தில் மயிரிழை போல வெடிப்பு விடும். ஒவ்வொரு முறை கொட்டி மூடும்போதும் இது கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது.

இப்போது முதலில் சொன்ன யோசனைக்கு வருவோம்: கீலை இறுக்கமாகச் செய்தால் என்ன? இன்னும் ஒரு படி மேலே போய், பெட்டி மூடிக்கு வைப்பது போலக் கதவின் முழு நீளத்துக்கும் ஒரே நீளக் கீலாக வைத்துவிட்டால் இடுக்கே இருக்காதே? வரைபடத்தில் அழகாகத்தான் இருக்கும். ஓடும் வண்டியில் நிற்காது. வளைவுக்குள் நுழையும் இடத்தில் வெளிப்பக்கத் தண்டவாளம் மெல்ல மெல்ல உயரும். வேகனின் முன்சக்கரம் ஒரு தளத்திலும் பின்சக்கரம் வேறொரு தளத்திலும் இருக்க, நடுவில் உடம்பு முறுக்கிக்கொள்ளும். நேர்க்கோடாக இருந்த கீல் அச்சு அப்போது நேர்க்கோடாக இருக்காது. நீளக் கீல் இறுகிக்கொள்ளும், அல்லது வெல்டிங்கைப் பிய்த்துக்கொள்ளும். இதனால்தான் மூன்று கீல் வைப்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. இரண்டு புள்ளிகள் எப்போதும் ஒரே கோட்டில் இருக்கும். மூன்றாவது புள்ளி அதே கோட்டில் விழுவது அதிர்ஷ்டம்.

கதவைத் தொங்கவிடுவது ஒரு வேலை. தூள் ஒழுகாமல் அடைப்பது இன்னொரு வேலை. இரண்டையும் கீலிடமே கொடுத்ததுதான் சிக்கல். கீல் சுமக்கட்டும், அடைப்பதைக் கதவின் விளிம்பு பார்த்துக்கொள்ளட்டும்.

[திரையில்: காதில் வட்டத் துளைக்குப் பதில் நீள்துளை. பின் அதற்குள் மேலும் கீழும் நகர்கிறது.]

எப்படி? காதில் வட்டத் துளைக்குப் பதிலாக நீள்துளை போடுங்கள். கதவுத் தகட்டுக்குச் செங்குத்தான திசையில் ஒரு 8 மி.மீ. ஆட்டம் இருக்கட்டும். கதவை மூடித் தள்ளும் தண்டை ஓரத்தில் வைக்காமல் கதவின் நடுவில் வையுங்கள். இப்போது அந்தத் தண்டு கதவை மொத்தமாக மேலே தூக்கி, கீல் பக்க விளிம்பு, லாக் பக்க விளிம்பு இரண்டையும் ஒரே சமயத்தில் சட்டத்தோடு அழுத்துகிறது. கீல் பின் நீள்துளையின் நடுவில் சும்மா நிற்கிறது. கதவு மூடியிருக்கும்போது கீலுக்கு வேலையே கிடையாது. திறந்து தொங்கும்போது மட்டும்தான் அது சுமக்கிறது, அதுவும் கதவின் சொந்த எடையை மட்டும்.

முன்னால் சொன்ன அந்த ஒரு மில்லிமீட்டர் துகளை இப்போது மறுபடியும் மாட்டிவிடுவோம். பாக்குவெட்டி வேலை செய்யாது, ஏனென்றால் மூட்டே விட்டுக்கொடுக்கிறது. கீல் பக்கத்தில் கதவு ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்து உட்காரும், மறுபக்கம் நன்றாக மூடிக்கொள்ளும். இடுக்கு ஒரு மில்லிமீட்டரோடு நின்றுவிடும். காதுக்கும் ஒன்றும் ஆகாது. பின் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தேய்ந்து போனாலும் விளிம்பு சரியாகவே அமரும்.

தள்ளும் தண்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் இணைப்பு மடிந்து, நேர்க்கோட்டைத் தாண்டி ஒரு சில மில்லிமீட்டர் மறுபக்கம் போய் நிற்க வேண்டும். அப்போது உள்ளே இருக்கும் சரக்கு அழுத்த அழுத்தப் பூட்டு இன்னும் இறுகும். தண்டை இயக்கும் ஏர் சிலிண்டரில் காற்று போனாலும் கதவு திறக்காது.

அப்புறம், பின்னை எங்கே வைப்பது? இதைப் பலர் கவனிப்பதில்லை. விளிம்பும் சட்டமும் தொட்டுக்கொள்ளும் தளம் ஒன்று இருக்கிறது அல்லவா, பின்னின் நடு அந்தத் தளத்திலேயே, ஆனால் திறப்புக்கு வெளியே தள்ளி இருக்க வேண்டும். அப்படி இருந்தால் விளிம்பு சட்டத்தின் மேல் நேராக வந்து உட்காரும். பின்னை 60 மி.மீ. கீழே இறக்கி வைத்தால், கடைசி 5 டிகிரி மூடும்போது விளிம்பு 5 மி.மீ. பக்கவாட்டில் உரசிக்கொண்டே வரும். இரும்பு இதைக் கொஞ்ச நாள் பொறுக்கும். ரப்பர் பட்டை வைத்திருந்தால் கிழித்துவிடும்.

ரப்பரைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். வைக்கலாம், சரக்கு நேராக வந்து இடிக்காத இடத்தில், மாற்றச் சுலபமாக. ஆனால் ரப்பரை நம்பி வடிவமைக்காதீர்கள். சூடான கிளிங்கரும் (சிமெண்டு அரைப்பதற்கு முந்தைய சுட்ட கட்டிகள்) கூரான தாதும் அதைச் சீக்கிரம் முடித்துவிடும்.

ரப்பர் இல்லாமலே தூளை நிறுத்த வழி இருக்கிறது. ஓட்டுக்கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் ஏறி நிற்பதால்தான் மழை உள்ளே வருவதில்லை. அதே போல, சரிவுத் தகட்டின் கீழ் ஓரத்தை இடுக்குக்கு மேலாக நீட்டி, கதவின் மேல் 40 மி.மீ. வந்து நிற்கும்படி செய்யுங்கள்.

[திரையில்: நீட்டிய ஓரத்தின் கீழ் தூள் சின்னச் சரிவாகக் குவிந்து நிற்கிறது. இடுக்கு அதற்கு அப்பால்.]

காய்ந்த தூள் தண்ணீர் மாதிரி பரவாது. ஒரு கோணத்தில் குவிந்து நின்றுவிடும். அது 35 டிகிரி என்று வைத்தால், ஓரத்துக்கும் கதவுக்கும் 10 மி.மீ. இடைவெளி இருக்கும்போது, தூள் உள்ளே 14 மி.மீ. மட்டுமே பரவும். பிறகு ஏன் 40? ஓடும் வண்டி குலுங்கும். குலுங்கினால் குவியல் சரியும். 40 மி.மீ. இருந்தால், குவியலின் கோணம் 14 டிகிரிக்குப் படுத்த பிறகுதான் தூள் இடுக்கைத் தொடும். கதவு கீழ்நோக்கித் திறப்பதால் இந்த நீட்டல் எதிலும் இடிக்காது. சரக்கு இறங்கும்போதும் கீலைத் தொடாமல் தள்ளியே விழும். ஈரத்தோடு குழைந்து வரும் தூளை இது முழுதாக நிறுத்தாது. தண்ணீர் வடிவதை நான் தடுக்கவும் மாட்டேன். உள்ளே தேங்கிய தண்ணீர் குளிரில் உறைந்தால், கதவு திறப்பதே பெரும்பாடு.

தேய்மானம். இங்கே எனக்கு ஒரு பிடிவாதம்: இந்தக் கீலுக்குக் கிரீஸ் வேண்டாம். வீட்டுக் கதவுக்கு எண்ணெய் விடுவது போல இதற்கும் விட்டால், தூள் அதில் ஒட்டிச் சாணைப் பசையாகிவிடும். நிலக்கரி மென்மையானதுதான், ஆனால் அதற்குள் குவார்ட்ஸ் துகள்கள் இருக்கின்றன. கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் அளவில் குவார்ட்ஸின் கடினம் ஆயிரத்துக்கு மேல். நன்றாகக் கடினப்படுத்திய எஃகே சுமார் 700தான். எவ்வளவு நல்ல எஃகு போட்டாலும் துகள் அதைக் கீறத்தான் செய்யும். எனவே துகள் உள்ளே வந்தால் வெளியே போகவும் வழி வையுங்கள்: பெரிய இடைவெளி, அடிப்பக்கம் திறந்த புஷ் (பின்னைச் சுற்றித் துளைக்குள் போடும் குழாய்), உலர்ந்த பின். நீள்துளை இதற்கும் உதவுகிறது, தூள் தானாகக் கீழே விழுந்துவிடும்.

ராபர்ட் ஹேட்ஃபீல்ட் 1882-ல் உருவாக்கிய மாங்கனீசு எஃகை இங்கே போடலாமா என்று சிலர் கேட்பார்கள். சுமார் 12 சதவீதம் மாங்கனீசு கொண்டது. அடிபட அடிபடக் கடினமாகும். தண்டவாளம் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்தில் அது பிரமாதம். கீல் பின் பலமாக அடிபடுவதில்லை, உரசுகிறது. அடி இல்லாமல் அந்த எஃகு மென்மையாகவே இருந்துவிடும். மேற்பரப்பு மட்டும் கடினமான, உள்ளே முறியாத சாதாரண எஃகுப் பின் போதும். புஷ்ஷைப் பின்னைவிடக் கொஞ்சம் மென்மையாக வையுங்கள். எது தேய வேண்டும் என்று நாம் தீர்மானிக்க வேண்டும். தேய்ந்த புஷ்ஷைத் தட்டி எடுத்து மாற்றிவிடலாம். வேகன் சட்டத்தில் வெல்டிங் செய்த காது தேய்ந்தால், பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

ஒன்று பாக்கி. கதவு திறந்து விழும்போது எங்கே போய் இடிக்கிறது? ஸ்டாப்பரைக் கீலுக்குப் பக்கத்தில் வைத்தால் பாதி அடி கீலுக்கு. நுனியில் வைத்தாலும் கீல் எதிர்த்துத் துள்ளும். ஒரே தடிமனான தகட்டுக்கு, கீலிலிருந்து அகலத்தின் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே இடித்தால் கீலுக்கு அதிர்ச்சியே போகாது. கிரிக்கெட் மட்டையில் பந்து பட்டும் கை அதிராத இடம் ஒன்று உண்டே, அதே கணக்கு. ஒரு மீட்டர் கதவுக்கு 67 சென்டிமீட்டரில் ஸ்டாப்பர். விறைப்புப் பட்டைகள் இருந்தால் இடம் சற்று மாறும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பக்கவாட்டில் சாய்த்துக் கொட்டும் வேகனில் கதை கொஞ்சம் வேறு. உடம்பு சுமார் 45 டிகிரி சாயும்போது கதவு மடிந்து, தரையின் நீட்சி போலாகிவிடும். பாறைகள் கீலின் மேலாகவே உருளும். அங்கே கீல் முழுவதும் தரைத் தகட்டின் மட்டத்துக்குக் கீழே பதுங்கியிருக்க வேண்டும். மேலே ஒரு மில்லிமீட்டர் தலை நீட்டினாலும் பாறை அதைச் செதுக்கிவிடும்.

[திரையில்: இருட்டான கூடாரத்தில் காலி வேகன். உள்ளே விளக்கு. கீழே ஒருவர் மல்லாந்து படுத்துப் பார்க்கிறார்.]

எல்லாம் செய்து முடித்த பிறகு சோதிக்க, காலி வேகனுக்குள் ஒரு விளக்கை வைத்துவிட்டுக் கீழிருந்து பாருங்கள். மூடிய கதவைச் சுற்றி வெளிச்சக் கோடு தெரிந்தால், அதன் வடிவத்தைப் படிக்கலாம். ஒரு முனையில் அகலமாகி மறுமுனையில் மறைந்தால், சட்டம் கோணியிருக்கிறது. நடுவில் மட்டும் தெரிந்தால் கதவுத் தகடு வளைந்திருக்கிறது. கீல் பக்கம் முழுவதும் ஒரே சீராகத் தெரிந்தால், கீழே போய் நீள்துளையைப் பாருங்கள். பின் அதன் முனையில் முட்டிக்கொண்டு நிற்கும்.