யார்க் நகரின் பதினைந்து நாள் சாளரம்

[காட்சி: கல் ஆலயம் ஒன்றின் உட்புறம்; வடக்குச் சுவரில் உயரமான வண்ணக் கண்ணாடிச் சாளரம்]

இங்கிலாந்தின் யார்க் நகரில் நார்த் ஸ்ட்ரீட்டில் உள்ள அனைத்துப் புனிதர் ஆலயம் பேராலயம் அன்று, பங்கு ஆலயம். அதன் வடக்குச் சுவரில் ஏறத்தாழ 1410 முதல் 1420 வரையிலான காலத்தைச் சேர்ந்த சாளரம் ஒன்று, உலகத்தின் கடைசிப் பதினைந்து நாள்களை நாள்வாரியாகக் காட்டுகிறது.

[காட்சி: அடிவரிசையிலிருந்து மெல்ல மேலேறும் பார்வை]

இதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அடியில், சாளரத்துக்குப் பொருள் கொடுத்தவர்கள் முழந்தாளிட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு மேலே, வரிசைக்கு மூன்றாக ஐந்து வரிசைகளில் காட்சிகள் தொடங்குகின்றன. முதல் நாள் கடல் மலைகளுக்கும் மேலாக எழுகிறது. இரண்டாம் நாள் கண்ணுக்கு எட்டாத ஆழத்துக்கு வற்றுகிறது. மூன்றாம் நாள் பழைய மட்டத்துக்குத் திரும்புகிறது. அந்த மூன்றாம் நாளின் அமைதிதான் என்னை அதிகம் அச்சுறுத்துகிறது. பிறகு கடல் பற்றி எரிகிறது, கட்டடங்கள் சரிகின்றன, மனிதர்கள் குழிகளில் ஒளிகிறார்கள், விண்மீன்கள் உதிர்கின்றன.

[காட்சி: ஈயப் பட்டையின் இணைப்பு, மிக அருகில்]

கண்ணாடிக்கு நிறம் பெரும்பாலும் உலையிலேயே ஏறுகிறது: உருகும் குழம்பில் கோபால்ட் சேர்ந்தால் நீலம், செம்பு சேர்ந்தால் சிவப்பு. வெள்ளிச் சேர்மத்தைக் கண்ணாடியின் பின்புறம் பூசிச் சுட்டால் மஞ்சள் கிடைக்கும். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய இந்த முறையால், ஒரே வெள்ளைத் துண்டில் முகத்தையும் பொன்னிறக் கூந்தலையும் வரைய முடிந்தது. முகக்கோடுகளையும் எழுத்துகளையும், உலோக ஆக்சைடும் கண்ணாடித்தூளும் கலந்த கருமையால் தீட்டிச் சூளையில் சுட்டு, துண்டுகளை ஈயப் பட்டைகளால் கோத்தார்கள்.

[காட்சி: ஒரு காட்சியின் அடியில் உள்ள எழுத்துவரி]

இத்தகைய சாளரங்களை எழுத்தறியாதோரின் வேதாகமம் என்று சொல்வது வழக்கம். இந்தச் சாளரத்துக்கு அந்த விளக்கம் போதாது. ஏனெனில் ஒவ்வொரு காட்சியின் அடியிலும், 'மனச்சாட்சியின் முள்' என்று பொருள்படும் பெயருடைய பதினான்காம் நூற்றாண்டு நெடுங்கவிதையைத் தழுவிய வரிகள் உள்ளன. நூற்றுக்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகளில் இன்றும் கிடைக்கும் அந்தக் கவிதை, வழிபாட்டு மொழியான லத்தீனில் இல்லாமல், மக்கள் வீட்டில் பேசிய ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. எழுத்தறிந்த ஒருவர் இந்த வரிகளை வாய்விட்டுப் படித்தால், பக்கத்தில் நின்ற எழுத்தறியாதவருக்கும் அவை புரிந்திருக்கும்.

[காட்சி: பதினைந்தாம் நாள், உலகைச் சூழும் தீ]