ஓரியண்டியரிங் பெரும்போட்டிக்கு எந்தக் காடு, எத்தனை பேர்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு கையில் வரைபடம், மறு கையில் திசைகாட்டி. காட்டுக்குள் அங்கங்கே நட்டு வைத்திருக்கும் புள்ளிகளை, வரைபடத்தில் காட்டிய வரிசைப்படி தேடிப்பிடித்து ஓடி முடிக்க வேண்டும். எந்த வழியாகப் போவது என்பது ஓடுபவரின் முடிவு. ஓரியண்டியரிங் என்ற விளையாட்டு இதுதான். 1961-ல் பத்து நாடுகள் சேர்ந்து இதற்கான சர்வதேசக் கூட்டமைப்பை உருவாக்கின. முதல் உலகப் போட்டி 1966-ல் பின்லாந்தின் ஃபிஸ்கார்ஸில் நடந்தது. பின்லாந்தில் 1949 முதல் நடந்துவரும் யுகோலா தொடர் ஓட்டத்தில், அணிக்கு ஏழு பேர் என்று இரவு முழுவதும் மாறி மாறி ஓடுகிறார்கள். ஸ்வீடனின் ஓ-ரிங்கன் ஐந்து நாள் போட்டிக்கு, 1985-ல் ஃபாலுன் நகரில் ஏறத்தாழ 25,000 பேர் வந்தார்கள்.

இன்று நான் பேச வந்தது ஓடுபவர்களைப் பற்றி அல்ல. அவர்களுக்குக் காட்டைத் தயார்செய்து கொடுக்கும் தன்னார்வலர்களைப் பற்றி. ஒரு பெரிய போட்டியை ஏற்க நினைக்கும் சங்கம் வழக்கமாக முதலில் நல்ல காடாகத் தேடுகிறது, ஆட்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறது. நிலமும் ஆட்களும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம். எந்த நிலத்தை எடுக்கிறோம் என்பதே எத்தனை பேர் வேண்டும், எப்படிப்பட்டவர்கள் வேண்டும் என்பதைத் தீர்மானித்துவிடும்.

நல்ல நிலம் எப்படி இருக்கும்? ஓட முடிய வேண்டும். ஓடும்போது யோசிக்கவும் வைக்க வேண்டும். சிறு மேடுகள், பள்ளங்கள், குண்டுப் பாறைகள், சதுப்புத் திட்டுகள் நெருக்கமாக இருந்தால் வரைபடம் படிக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வித்தியாசம் தெரியும். ஒரே சீரான பெரிய சரிவு பார்க்க அழகாக இருக்கலாம். அங்கே வெல்வது கால் வலிமை மட்டும்தான். மொத்த ஏற்றம், புத்திசாலித்தனமான மிகக் குறுகிய வழியின் நீளத்தில் 4 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேசப் போட்டிகளுக்கான பொது அளவு. 12 கிலோமீட்டர் என்றால் 480 மீட்டர் ஏற்றம். முள்புதர் மண்டிய காடு கூடாது. ஒருவர் மிதித்துப் போன இடம் பாதையாகிவிடும். பின்னால் வருபவருக்கு வரைபடமே வேண்டாம், அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே புள்ளிக்குப் போய்விடுவார்.

இன்னொரு நிபந்தனை, அந்த நிலம் ஓடுபவர்களுக்குப் பழகியதாக இருக்கக்கூடாது. அதனால் போட்டி அறிவிக்கும்போதே அந்தப் பகுதியைத் தடைப்பகுதியாக அறிவித்துவிடுவார்கள். ஓடப்போகிறவர்களும் அவர்களுடைய பயிற்சியாளர்களும் அதற்குள் போகக்கூடாது. இதில் சங்கத்துக்கு ஒரு விலை இருக்கிறது. வரைபடம் வரைந்தவர், கோர்ஸ் (ஓடுபவர் தேடிப்பிடிக்க வேண்டிய புள்ளிகளின் வரிசை) அமைத்தவர், கொடி நட்டவர் எவரும் அந்தப் போட்டியில் ஓட முடியாது. சங்கத்தின் மிகத் திறமையான ஓட்டக்காரர்களைத்தான் பெரும்பாலும் இந்த வேலைகளுக்குக் கேட்பார்கள். யார் ஓடுவது, யார் வேலை பார்ப்பது என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி முடித்துவிட வேண்டும்.

அனுமதி வாங்குவது தனி வேலை. நிலம் ஒருவருடையதாக இருப்பது அபூர்வம். வனத்துறை, தனியார், மேய்ச்சல் உரிமை உள்ளவர், வேட்டை உரிமை உள்ளவர் என்று ஒவ்வொருவரையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பறவைகள் கூடு கட்டும் காலம், மான்கள் குட்டி போடும் காலம், மரம் வெட்டும் திட்டம் மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். வரைபடம் முடிந்த பிறகு பாதிக் காட்டை வெட்டிவிட்டால் அந்தப் பகுதியை மறுபடி நடந்து வரைய வேண்டும். இந்தப் பொறுப்பைப் பொறுமையாகப் பேசத் தெரிந்த ஒரே நபரிடம் கொடுங்கள். மூன்று பேர் மூன்று விதமாக வாக்குக் கொடுத்தால் நில உரிமையாளர் நான்காவது முறை கதவைத் திறக்க மாட்டார்.

இப்போது வரைபடம். நீள ஓட்டத்துக்கு அளவு 1:15,000. அதாவது தாளில் ஒரு மில்லிமீட்டர், தரையில் 15 மீட்டர். அடுத்தடுத்த சம உயரக் கோடுகளுக்கு இடையே உயர வித்தியாசம் 5 மீட்டர். தட்டையான நிலமானால் 2.5 மீட்டர். இப்போது விமானத்திலிருந்து லேசர் கதிரால் அளந்த தரவு பல இடங்களில் கிடைக்கிறது. தரையின் மேடுபள்ளம் அதில் நன்றாகத் தெரியும். ஆனால் புதருக்குள் ஓட முடியுமா, பாறையின் எந்தப் பக்கம் செங்குத்து என்பதை நடந்து பார்த்துத்தான் எழுத வேண்டும். ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 30 மணி நேரக் கள வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு சதுர கிலோமீட்டர் என்றால் 180 மணி நேரம். நாளுக்கு ஆறு மணி நேரம் நடந்தால் முப்பது நாள். பாறை நெருங்கிய நிலத்தில் இதற்கும் மேலே போகும். வேலையை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒரு சிக்கல் வரும். ஒருவர் அடர்ந்த பச்சை போட்ட புதருக்கு மற்றவர் வெளிர்பச்சை போட்டிருப்பார். இருவர் எல்லையும் சேரும் இடத்தில் காடே மாறியதுபோலத் தெரியும். கடைசியில் ஒரே ஆள் முழுப் பரப்பையும் ஒருமுறை நடந்து சரிப்படுத்தினால்தான் அது ஒரு வரைபடம்.

அடுத்தது மைதானம்: வாகனங்கள் நிற்கவும், கூடாரங்கள் போடவும், ஓட்டம் முடியவும் உள்ள இடம். என் கருத்தில் நிலத் தேர்வில் முக்கால்வாசி இதுதான். உலகத்தரமான காடாக இருக்கும்; பக்கத்தில் 300 கார் நிறுத்தக் கெட்டியான தரை இருக்காது. ஒரு இரவு மழை பெய்தால் புல்வெளி சேறாகி, மாலையில் ஒவ்வொரு காரையும் டிராக்டர் வைத்து இழுக்க நேரும். பேருந்து உள்ளே வந்து திரும்ப முடிகிறதா, ஆம்புலன்ஸ் எந்தெந்தச் சாலை முனை வரை வரும் என்பதைக் காய்ந்த நாளில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். கழிப்பறையில் பாதியைத் தொடக்க இடத்தில் வையுங்கள். தொடங்கும் நேரம் வந்த பிறகும் வரிசையில் நிற்பவர் பிந்திப் புறப்பட்டால், அந்த நிமிடங்கள் அவர் கணக்கில்தான் சேரும்.

இனி, போட்டியின் உயிர்நாடியான கண்ட்ரோல். வரைபடத்தில் சிவப்பூதா வட்டமாகவும், காட்டில் 30 சென்டிமீட்டர் சதுரமான மூன்று முகக் கொடியாகவும் இருக்கும் புள்ளியைத்தான் கண்ட்ரோல் என்கிறோம். கொடியின் ஒவ்வொரு முகமும் மூலைவிட்டமாகப் பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு. கூடவே ஒரு எண். எண்கள் 31-லிருந்து தொடங்கும். 66, 99, 68, 89, 86, 98 ஆகியவற்றைத் தவிர்ப்பார்கள். தலைகீழாகப் பார்த்தால் ஒன்று மற்றொன்றாகத் தெரியும். காட்டில் இரண்டு கண்ட்ரோல்களுக்கு இடையே குறைந்தது 30 மீட்டர் இருக்க வேண்டும்.

தவறான இடத்தில் நட்ட கண்ட்ரோலைப் போலப் போட்டியைக் கெடுப்பது வேறொன்றும் இல்லை. உணவு தாமதமானால் கொஞ்சம் முணுமுணுப்பு வரும், அவ்வளவுதான். கண்ட்ரோல் அடுத்த பாறைக்கு மாறிப்போனால் அந்தப் பிரிவின் முடிவையே ரத்து செய்ய நேரும். அதனால் இது மூன்று கட்டமாக நடக்கிறது. பல வாரங்களுக்கு முன்பே கோர்ஸ் அமைப்பவர் ஒவ்வொரு புள்ளியிலும் எண் எழுதிய சிறு நாடாவைக் கட்டிவிடுவார். பிறகு மேற்பார்வையாளர், அதாவது சங்கத்துக்கு வெளியிலிருந்து வரும் அனுபவசாலி, தனியாகப் போய் அந்த இடம் வரைபடத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார். போட்டிக்கு முன்தினமோ விடியற்காலையிலோ கொடி நடுவார்கள். கொடி நடுபவர் நாடாவை மட்டும் நம்பக்கூடாது. நாடா காற்றில் பிய்ந்து போயிருக்கும், மாடு தின்றிருக்கும், விளையாட்டுப் பிள்ளைகள் அவிழ்த்து வேறு மரத்தில் கட்டியிருப்பார்கள். கட்டியவரே பிசகியிருக்கவும் கூடும். கையில் வரைபடம் வைத்து, உறுதியாகத் தெரியும் ஒரு புள்ளியிலிருந்து திசை பிடித்து வந்து, பிறகுதான் நாடாவைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் நடாமல் கோர்ஸ் அமைப்பவரைக் கூப்பிட வேண்டும்.

இதற்கு எத்தனை பேர்? 120 கண்ட்ரோல் என்று எடுத்துக்கொள்வோம். இரும்புக் கம்பி, கொடி, ஓடுபவர் வந்து போனதைப் பதியும் மின்னணுப் பெட்டி சேர்ந்தது ஒரு செட். கரடுமுரடான காட்டில் பத்து செட்டைச் சுமந்து நடந்து நட ஒருவருக்கு மூன்று மணி நேரம் ஆகும். ஆகவே நடுவதற்குப் பன்னிரண்டு பேர், மறுநாள் காலை ஓடிப் பார்த்துச் சரிபார்க்க இன்னும் ஆறு பேர். இந்தப் பதினெட்டுப் பேரும் வரைபடம் நன்றாகப் படிப்பவர்களாக இருக்க வேண்டும். இப்படிப்பட்டவர்கள் அத்தனை பேர் உங்களிடம் இல்லை என்றால், கண்ட்ரோல் எண்ணிக்கையைக் குறைத்து, ஒரே கண்ட்ரோலைப் பல பிரிவுகளுக்குப் பொதுவாக்குங்கள். இல்லையென்றால் சிறிய காட்டை எடுங்கள். இந்த வேலைக்கு ஆர்வத்தோடு வரும் புதியவரை அனுப்பினால் அவர் பட்டியலையே நம்பி நடுவார், தவறு நடந்தது அவருக்கே தெரியாது.

புதியவர்களுக்கு மதிப்பான வேலைகள் நிறைய இருக்கின்றன. வாகன நிறுத்தம், பதிவு, தண்ணீர், குழந்தைகளின் ஓட்டம், முடிவுக் கோடு என எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே பக்கத்தில் குறிப்பு கொடுங்கள்: எத்தனை மணிக்கு வர வேண்டும், என்ன செய்ய வேண்டும், பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிட வேண்டும், எப்போது போகலாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒருவரை ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். பத்துக்கு ஒருவர் என்று மாற்று ஆள் வைத்துக்கொள்ளுங்கள். தடைப்பகுதி ரகசியம் தெரியாத வேலையில் இருப்பவர்களுக்கு ஓடவும் ஆசை இருக்கும். அவர்களுக்குத் தொடக்கத்திலோ கடைசியிலோ நேரம் ஒதுக்கிக் கொடுத்தால், அடுத்த முறையும் கேட்காமலேயே வருவார்கள்.

தண்ணீரில் நிலமும் ஆளும் நேராக மோதுகின்றன. வெல்பவருக்கே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் ஓட்டமானால், அவருடைய வேகத்தில் 25 நிமிடத்துக்கு ஒருமுறையாவது குடிக்கக் கிடைக்க வேண்டும் என்பது விதி. ஆளுக்கு 200 மில்லி, 600 பேர் என்றால் 120 லிட்டர். சாலை இல்லாத காட்டுக்குள் அதை யாராவது முதுகில் சுமக்க வேண்டும். அதனால் கோர்ஸ் அமைப்பவர் முதல் வரைவிலேயே வண்டிப்பாதையை ஒட்டி இரண்டு கண்ட்ரோல் வைத்துவிடுவது நல்லது.

தொடக்க இடத்தில் ஆறேழு பேர் போதும், ஆனால் நிதானமானவர்களாக இருக்க வேண்டும். அவரவர் பெயர் அழைத்து, நிமிடத்துக்கு ஒரு கட்டம் என்று முன்னே நகர்த்தி, கடைசியில் வரைபடம் எடுக்க விடுவார்கள். வழக்கமான தவறுகள் இரண்டு. ஒவ்வொரு கண்ட்ரோலிலும் பதிவதற்காக விரலில் மாட்டியிருக்கும் சிப்பில் பழைய பதிவை அழிக்காமல் ஓடிவிடுவது ஒன்று. ஒரு ஆளை அழிக்கும் பெட்டியிடமும், இன்னொருவரைச் சோதிக்கும் பெட்டியிடமும் நிறுத்தினால் அது தீர்ந்துவிடும். வேறு பிரிவின் வரைபடம் பெட்டிக்குள் இருப்பது மற்றொன்று. அடுக்கும்போது ஒருவரும் அடுக்கிய பிறகு வேறொருவரும் எண்ண வேண்டும். தொடர் ஓட்டத்தில் இது இன்னும் நுட்பமானது. அணிகள் ஒன்றையொன்று பின்தொடராமல் இருக்க, கோர்ஸைக் கிளைகளாகப் பிரித்து வெவ்வேறு வரிசையில் கொடுப்பார்கள். கடைசியில் எல்லா அணிக்கும் ஒரே மொத்தம் வர வேண்டும். ஒரு தாள் இடம் மாறினால் இரண்டு அணிகளின் கணக்கு கெடும். மின்னணுப் பெட்டிகளின் கடிகாரங்களை முந்தைய இரவே ஒரே தாய்க் கடிகாரத்தோடு சேர்த்து, பேட்டரியையும் பார்த்துவிட வேண்டும். ஒரு பெட்டி அணைந்துபோனால், வரைபடத்தில் துளையிட்டுக்கொள்ளும் கருவிதான் சாட்சி. அது ஒவ்வொரு கம்பியிலும் தொங்க வேண்டும்.

நகரத்தில் நடக்கும் ஸ்பிரிண்ட் ஓட்டத்துக்குக் கணக்கே வேறு. வரைபடம் 1:4,000, வெல்பவர் 12 முதல் 15 நிமிடத்தில் முடித்துவிடுவார். சுமக்க வேண்டிய தூரம் குறைவு, நிற்க வேண்டிய ஆட்கள் அதிகம். திறந்திருக்கும் என்று வரைந்த கதவைக் காலையில் யாரோ பூட்டியிருப்பார்கள். தாண்டக்கூடாத சுவர்களிலும் வேலிகளிலும் ஆள் நிற்க வேண்டும், சாலை கடக்கும் இடங்களில் போக்குவரத்தைப் பார்க்க ஆள், கொடியை யாரும் தூக்கிப் போகாமல் இருக்க ஆள். உலகப் போட்டிகளே இப்போது பிரிந்துவிட்டன: ஒற்றைப்படை ஆண்டுகளில் காடு, இரட்டைப்படை ஆண்டுகளில் ஸ்பிரிண்ட். 2022-ல் டென்மார்க்கில் ஸ்பிரிண்ட், 2023-ல் சுவிட்சர்லாந்தில் காடு.

கடைசி வேலை எண்ணுவது. ஓட்டத்தைப் பாதியில் விட்டவரும் முடிவிடத்துக்கு வந்து சிப்பைப் பதிய வேண்டும். கோர்ஸ் மூடும் நேரம் வந்ததும் புறப்பட்டவர் பட்டியலையும் வந்தவர் பட்டியலையும் ஒப்பிட வேண்டும். பெயர் மிஞ்சினால் முதலில் வாகன நிறுத்தத்தில் அவர் கார் இருக்கிறதா என்று பாருங்கள்; பதியாமல் வீட்டுக்குப் போனவராக இருக்கலாம். கார் அங்கேயே நின்றால், கடைசியாக அவரைக் கண்டவர்களைக் கேட்டு, காடு தெரிந்தவர்களை இருவர் இருவராக அனுப்ப வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே அனுப்ப வேண்டும். அதனால் மூடும் நேரம் சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது அமையட்டும். கொடி எடுக்கப் போன தன்னார்வலர்களையும் அதே பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள். களைத்துப்போய், தனியாக, கனமான பையோடு காட்டில் நடப்பவர்கள் அவர்கள்தான். ஒவ்வொருவரும் திரும்பி வந்ததும் கம்பிகளை எண்ணுங்கள், நாடாக்களையும் கேட்டு வாங்குங்கள். காட்டில் மறந்து விட்ட ஒரு நாடா, அடுத்த ஆண்டு வேறு கோர்ஸ் கட்டும் ஆளை ஏமாற்றும்.

வணக்கம்.