காவு தீண்டாதே, குளம் வற்றும்

(குமரி மாவட்டம் குலசேகரத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது. பேச்சில் விட்டுப்போன ஒன்றிரண்டை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

கூட்டத் தலைவர் அவர்களே, ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எட்டாம் வகுப்பில் எனக்குச் செடிகொடி சொல்லித்தந்து, இன்றைக்கும் நான் தப்பாகப் பேசினால் முன்வரிசையிலிருந்தே விரலை ஆட்டக்கூடிய என் ஆசிரியர் அவர்களே, பேச்சிப்பாறை மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும், காணிப் பழங்குடி மக்களின் தலைவர் மூட்டுக்காணி ஐயா அவர்களே, வர்ம ஆசான்மார்களே, காலையில் ரப்பர் பால்வெட்டு முடித்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் அண்ணாச்சிமார்களே, தாய்மார்களே, வணக்கம். வனத்துறை நண்பர் ஒருவரும் வந்திருக்கிறார். சீருடையில் வரவில்லை, அதனால் நானும் காட்டிக்கொடுக்கவில்லை.

பொன்னாடை வேண்டாம், ஒரு மரக்கன்று போதும் என்று சொல்லியிருந்தேன். இரண்டையும் தந்துவிட்டார்கள். கன்று குரோட்டன்ஸ். சரி, அதுவும் உயிர்தானே.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘தெய்வச் செடிகளும் மலைமக்கள் வைத்தியமும்’. மூன்று விஷயம் பேசுகிறேன். மனசைப் புரட்டிப்போடும் செடிகளை உலகத்துப் பழங்குடிகள் எப்படிக் கையாண்டார்கள் என்பது ஒன்று. நம் மாவட்டத்துச் சங்கதி இரண்டு. சட்டம் என்ன சொல்கிறது என்பது மூன்று. அதற்கு முன்னால் என் பாட்டி சொல் ஒன்று. மலையாளக் கரையிலிருந்து வந்த சொல்தான், ஆனாலும் விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் தெரியாதவர் இல்லை: “காவு தீண்டாதே, குளம் வற்றும்.” காவு என்றால் தெய்வம் குடியிருக்கும் சோலை. போன கூட்டத்திலும் இதைத்தான் சொன்னேன் என்று அங்கே ஒருவர் சிரிக்கிறார். அடுத்த கூட்டத்திலும் சொல்வேன்.

அமேசான் காட்டில் அயாவாஸ்கா என்று ஒரு கஷாயம். ஒரு கொடியையும் வேறொரு செடியின் இலையையும் சேர்த்துக் காய்ச்சுவது. இலையில் இருக்கும் சரக்கைத் தனியாகக் குடித்தால் குடலிலேயே அது அழிந்துபோகும். அழியாமல் தடுப்பது அந்தக் கொடி. நம் வைத்தியர்கள் அனுபானம் என்கிறார்களே, மருந்தைக் கொண்டு சேர்க்கிற துணை, கிட்டத்தட்ட அந்தக் கணக்கு. ஆய்வுக்கூடம் இல்லாத மக்கள், ஆயிரக்கணக்கான செடிகளில் இந்த இரண்டையும் சோடி சேர்த்திருக்கிறார்கள். அந்தக் கொடியின் ஒரு வகைக்கு 1986-இல் அமெரிக்காவில் ஒருவர் காப்புரிமை வாங்கினார். பழங்குடிகள் கொதித்தெழுந்தார்கள். 1999-இல் ரத்தானது, 2001-இல் மறுபடி உயிர் பெற்றது.

மெக்சிகோவில் வாவ்ட்லா என்ற மலையூர். மரியா சபினா என்ற மசாட்டெக் பழங்குடி மூதாட்டி, காளான் கொடுத்து, இரவு முழுக்கப் பாடி நோய் பார்ப்பவர். 1955-இல் வாசன் என்ற அமெரிக்க வங்கி அதிகாரி போய் அந்தச் சடங்கில் உட்கார்ந்தார். 1957-இல் ‘லைஃப்’ பத்திரிகையில் எழுதினார். பெயரை மாற்றித்தான் எழுதினார். ஆனாலும் கூட்டம் வந்துவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் காளான் உண்பது நோய்க்கு. வந்தவர்களுக்கு நோய் ஏதும் இல்லை, கடவுளைப் பார்க்க வேண்டுமாம். போலீசும் வந்தது. அம்மையாரின் வீடு தீக்கிரையானது. அந்நியர் வந்தபின் காளானுக்குச் சக்தி போய்விட்டது என்று அவரே பின்னாளில் சொன்னார். 1985-இல் வறுமையில் இறந்தார். காவு தீண்டாதே, குளம் வற்றும் என்று சும்மாவா சொன்னார்கள்?

நம் ஊருக்கு வருவோம். சிவனுக்குச் சாத்துகிற ஊமத்தம்பூ, தேவாரத்தில் மத்தம். என் சித்தப்பாவுக்கு இளைப்பு. அந்தக் காலத்தில் வைத்திய ஆசான் ஒருவர் ஊமத்தை இலையைக் காயவைத்து, தன் கையாலேயே சுருட்டி, ஒன்றே ஒன்று தருவார். புகை இழுத்தால் மூச்சு இளகும். சித்தப்பா கணக்கில் கெட்டிக்காரர். புகைக்கே இவ்வளவு குணம் என்றால் கஷாயத்துக்கு எவ்வளவு இருக்கும் என்று யோசித்து, கொல்லையில் நின்றதைப் பிடுங்கி, பானையில் போட்டுக் காய்ச்சிக் குடித்துவிட்டார். அன்றைக்குப் பார்த்து அம்மன் கோயில் கொடை விழா.

முதலில் தொண்டை வறட்சி. ஒரு குடம் தண்ணீர் குடித்தார். அப்புறம் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நேரே வில்லுப்பாட்டு மேடைக்குப் போய்விட்டார். நீலி கதை ஓடுகிறது. வில்லடித்துப் பாடுகிற அண்ணாவி கையிலிருந்த வீசுகோலைப் பிடித்து நிறுத்தி, “நீலி அப்படிச் சொல்லல்ல ஓய். நான் பக்கத்துலதான் நின்னேன்” என்றார். அவ்வளவுதான், சனத்துக்குப் புல்லரித்துவிட்டது. அருள் வந்துவிட்டதென்று பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ மாலையைக் கழற்றிப் போட்டார்கள். ஒரு பாட்டி கும்பிட்டுக்கொண்டு, மூன்று நாளாகப் பசுவைக் காணோம் என்று அழுதாள். சித்தப்பா வானத்தைப் பார்த்தார், பூமியைப் பார்த்தார், “கெணத்தடி” என்றார். ஆள் ஓடியது. பசு கிணற்றடியில் நிற்கிறது! வீட்டுக் கிணறு, வீட்டுப் பசு, தண்ணிக்குத் தானே திரும்பி வந்திருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் இதையெல்லாம் யார் யோசிப்பார்கள்? திருநீறு வாங்க வரிசை நின்றுவிட்டது. பெண்ணுக்கு வரன் கேட்கிறார்கள், வழக்கு செயிக்குமா என்று கேட்கிறார்கள்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு என் சித்தி வந்தாள். “அருளும் இல்ல, மருளும் இல்ல, அடுப்படியில பானை இருக்கு, வந்து பாருங்க” என்றாள். ஆசானைக் கூட்டி வந்தார்கள். டார்ச்சு அடித்துக் கண்ணைப் பார்த்தார். கருமணி விரிந்து கண் முழுக்க அதுதான் தெரிகிறது. ஒரு வார்த்தை பேசாமல் ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஊமத்தையில் இருப்பது அட்ரோபினும் ஸ்கோபோலமைனும். ஆளைக் கொல்லும் சரக்கு. சித்தப்பா பிழைத்தது அவர் சாதகம். மூன்று நாள் பேப்பர் வாசிக்க முடியவில்லை, எழுத்தெல்லாம் கலங்கல். திரும்பி வந்தவரிடம் ஆசான், “செடிக்கு அளவு உண்டுடே, ஒனக்குத்தான் இல்ல” என்றார். பசுவின் சொந்தக்காரப் பாட்டி மட்டும் சாகும்வரை கொடைக்குக் கொடை சித்தப்பாவுக்கு ஒரு தேங்காய் கொண்டுவந்தாள்.

அந்தச் சுருட்டில் ஆசானின் கை இருந்தது. காணி மக்களிடம் அந்த இடத்தில் பிலாத்தி இருக்கிறார். கொக்கரை என்ற இரும்பு வாத்தியத்தை உரசிக்கொண்டு இரவெல்லாம் சாற்றுப்பாட்டு பாடி நோயை இறக்குவார். செடி, அதைப் பறிக்கிற ஆள், பாட்டு, அளவு, எல்லாம் ஒரே கட்டு. கட்டைப் பிரித்துச் செடியை மட்டும் உருவினால் ஒன்று சித்தப்பா கதை, இல்லையென்றால் சபினா கதை. 1987-இல் அகத்தியமலையில் வழிகாட்டப் போன காணிகள் களைப்புத் தெரியாமல் நடந்ததைப் பார்த்து விஞ்ஞானிகள் விசாரித்தார்கள். மென்றது ஆரோக்கியப்பச்சைப் பழம். அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. 1997-இல் அறக்கட்டளையும் வந்தது. நல்ல காரியம், உலகமே பாராட்டியது. ஆனால் அறக்கட்டளையின் பெயரிலேயே கேரளம் இருக்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கேரளத்துக்கும் நமக்கும் நடுவே கோடு கிழித்தவர்கள் ஆரோக்கியப்பச்சையிடம் கேட்டுவிட்டா கிழித்தார்கள்?

சட்டத்துக்கு வரலாம் என்றால் தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஊராட்சிதோறும் ஊரின் செடிகொடி, உயிர்கள், அவை பற்றி மக்கள் அறிந்தது எல்லாம் அடங்கிய ‘மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு’ எழுத வேண்டும் என்பதை மட்டும் சொல்லி விடுகிறேன்.

நான் வந்த காரியம் காவு. மலையில் காடு இருக்கிறது. கீழே நமக்கு மிஞ்சியது சாத்தா காவும் இயக்கி காவும் நாகர் காவும்தான். யாரும் கத்தி வைக்காததால் அங்கே ஏழிலைப்பாலை நிற்கிறது, காஞ்சிரம் நிற்கிறது, சருகுக்கடியில் ஈரம் நிற்கிறது. இன்றைக்குப் பக்தி கூடிவிட்டது. பக்தி கூடியதும் முதலில் சிமெண்ட் வருகிறது, அப்புறம் டைல்ஸ், அப்புறம் வளைவு. எங்கள் ஊர்க் காவில் பாலை மரத்தை வெட்டித்தான் இயக்கிக்கு மண்டபம் கட்டினார்கள். வெயிலில் சுடுகிறது என்று மண்டபத்துக்கு இப்போது தகரக்கூரை. பக்கத்துக் குளம் மாசியிலேயே வற்றுகிறது. பாட்டி சொல்லைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

ஊராட்சித் தலைவர் அம்மாவிடம் என் விண்ணப்பம் இதுதான்: பதிவேட்டில் ஒவ்வொரு காவும் ஏற வேண்டும். காலையில் இதைச் சொன்னபோது மூட்டுக்காணி ஐயா, “எழுதினா ஆரு வாசிப்பா?” என்று கேட்டார். சரியான கேள்வி. ஊருக்கு முன்பே வெளியூர்க்காரன் வாசித்துவிடுவான். அதனால் நாங்கள் அடித்திருக்கும் படிவத்தில் எந்தச் செடி எதற்கு மருந்து என்ற கட்டமே இல்லை. காவின் பெயர், நிலத்தின் அளவு, நிற்கிற பெரிய மரங்கள், பக்கத்தில் குளம் உண்டா, அதில் எந்த மாதம்வரை தண்ணீர், இவ்வளவுதான்.

படிவம் வாசலில் மேசைமேல் இருக்கிறது. பேனா இல்லாதவர்கள் என்னிடம் வாங்கிக்கொள்ளலாம். திருப்பித் தந்துவிட வேண்டும். போன கூட்டத்தில் நாலு பேனா போயிற்று.