மணல் தட்டும் லேப் சாவியும்

(ஆசிரியர்களுக்கான ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துக்கொண்டு வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

"பவர்பாயின்ட் உண்டா சார்?" என்று அமைப்பாளர்கள் போனில் கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்தியவன் நான். புரொஜெக்டர் எந்த நேரத்தில் காலை வாரும் என்று எனக்குத் தெரியும். வகுப்பறையில் தொழில்நுட்பத்தை ஆசிரியர்கள் எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது தலைப்பு. இதைப் பேச எனக்கு மணல் போதும்.

ஆமாம், மணல்தான். 1790-ஐ ஒட்டிய வருடங்கள். சென்னை எழும்பூரில் ஐரோப்பியச் சிப்பாய்களின் ஆண் பிள்ளைகளுக்கென்று ஓர் ஆதரவற்றோர் பள்ளி இருந்தது. அதை மேற்பார்த்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒருநாள் காலையில் குதிரைமேல் போகும்போது வழியில் ஒரு நாட்டுப் பள்ளியைப் பார்க்கிறார். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊரில் அரிச்சுவடி தொடங்குவதே அப்படித்தான். அவருக்கு அது புதிது. காகிதம் வேண்டாம், மை வேண்டாம், தப்பாக எழுதினால் உள்ளங்கையால் ஒரு தடவு, அழிந்துபோகும். நேராகத் தன் பள்ளிக்குப் போய், கீழ்வகுப்பு உதவி ஆசிரியரைக் கூப்பிட்டு, இனிமேல் எழுத்தை இப்படிச் சொல்லிக்கொடு என்றார்.

உதவி ஆசிரியர் முடியாது என்று சொல்லிவிட்டார்.

பெல் விடவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு அந்த வகுப்பை அவன் கையில் கொடுத்தார். பையன் நடத்திக் காட்டினான். பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை அங்கே வளர்ந்தது. 1797-இல் லண்டனில் பெல் அதைப் புத்தகமாகப் போட்டார். அப்புறம் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகள் 'மெட்ராஸ் முறை' என்று அதைப் பின்பற்றின. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை கப்பல் ஏறிய கதை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு காலத்தில் நான் பயிற்சிகளுக்குக் கருத்தாளராகப் போவேன். அப்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்லி, "பாருங்கள், வாத்தியார் மறுத்தார், எட்டு வயதுப் பையன் செய்துகாட்டினான்" என்று முடிப்பேன். கைதட்டல் வரும். இப்போது அப்படிச் சொல்ல மனம் வருவதில்லை. இந்தக் கதை நமக்கு வந்தது பெல் வழியாக. அந்த உதவி ஆசிரியரின் தரப்பு நம் கைக்கு வரவில்லை. அவர் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துப்பார்க்கிறேன். எத்தனை தட்டு வரும்? மணலை யார் சலித்துக் கொட்டுவது? கடற்காற்று அடித்தால் முதல் வரிசை எழுதியது பின் வரிசைக்காரன் கண்ணில் விழாதா? பலகையில் எழுதினால் மாலைவரை இருக்கும், எடுத்துப் பார்த்துத் திருத்தலாம். மணலில் எழுதியதை எப்போது பார்த்து எப்போது திருத்துவது? இதெல்லாம் என் ஊகம்தான். ஆனால் இதில் ஒன்றுகூட முட்டாள்தனமான கேள்வி இல்லை. குதிரையிலிருந்து இறங்கிய கையோடு உத்தரவு போட்டவருக்குக் கேள்வி கேட்கிறவன் முரண்டுபிடிக்கிறவனாகத்தான் தெரிவான்.

அந்தக் குதிரை இன்றுவரை வந்துகொண்டேதான் இருக்கிறது. 1913-இல் எடிசன் ஒரு பேட்டியில், பள்ளிகளில் புத்தகங்கள் சீக்கிரமே வழக்கொழியும், பத்து வருடத்தில் பள்ளி அமைப்பே முற்றாக மாறும் என்றார். சினிமாதான் எல்லாவற்றையும் கற்றுத்தரும் என்பது அவர் கணக்கு. அப்புறம் வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது, கணினி வந்தது. ஒவ்வொன்றும் வரும்போது அதே வாக்குறுதி. கடைசியில் பெட்டியோடு மூலையில் கிடக்கும்போது அதே குற்றச்சாட்டு: வாத்தியார்கள் மாற மாட்டேன் என்கிறார்கள்.

சரி, வாத்தியார் ஏன் மாற மாட்டேன் என்கிறார் என்று ஒரு கணக்குப் போடுவோம்.

ஒன்பதாம் வகுப்பு. ஒளி எதிரொளிப்பு. 40 நிமிடப் பாடவேளை. மாணவர்களைக் கணினி ஆய்வகத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். சாவி தலைமையாசிரியர் அறையில் இருக்கிறது. அவர் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். இன்னொரு சாவி கிளார்க் மேஜையில். அவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். கதவு திறக்க ஏழு நிமிடம். வரிசையாக நடந்து வர ஐந்து நிமிடம். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், ஏனென்றால் உள்ளே தூசி படக்கூடாது. நாற்பத்திரண்டு பிள்ளைகள், எண்பத்து நான்கு செருப்பு. உள்ளே பத்து கணினி, ஓடுவது ஏழு. யூபிஎஸ் கீச்சுக் கீச்சு என்று கத்துகிறது. ஒவ்வொரு மவுஸுக்கும் ஆறு கை. படம் திரையில் வருவதற்குள் இன்னும் எட்டு நிமிடம். மணி அடிக்கப் பத்து நிமிடம் முன்பே கிளம்ப வேண்டும், ஏனென்றால் அந்த எண்பத்து நான்கில் தன்னுடைய இரண்டைத் தேட வேண்டும். மிச்சம் பத்து நிமிடம்.

அதே பாடத்துக்கு உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்று, ஒரு டார்ச், ஒரு வெள்ளைத் தாள், ஒரு பாகைமானி இருந்தால் வகுப்பிலேயே முடித்துவிடலாம். பிள்ளைகள் கோணத்தைத் தாங்களே அளப்பார்கள். இதை மனசுக்குள் கூட்டிக் கழித்துவிட்டு ஆய்வகம் பக்கமே போகாத ஆசிரியரை 'தொழில்நுட்ப அச்சம் உள்ளவர்' என்று எழுதுகிறோம். அவருக்கு அச்சம் ஒன்றும் இல்லை ஐயா. வீட்டில் கரண்ட் பில் கட்டுவது, பேத்தியோடு வீடியோ கால் பேசுவது எல்லாம் போனில்தான்.

ஃப்ரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-இல் இதைப் பற்றி எழுதினார். அவர் பள்ளிக்கூடத்தைப் பார்த்து எழுதவில்லை, அலுவலகக் கணினியைப் பார்த்து எழுதினார். ஒரு கருவியை ஒருவர் ஏற்பதும் விடுவதும், இது என் வேலைக்கு உதவுமா, இதைப் பயன்படுத்துவது சுலபமா என்று அவர் மனசில் படுவதைப் பொறுத்தது என்றார். கல்வி ஆராய்ச்சிக்காரர்கள் அதை எடுத்து, ஆசிரியர்கள்மேல் கேள்வித்தாள் கேள்வித்தாளாகக் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் நம் பள்ளியில் அந்த இரண்டோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்: இது உடைந்தால் யார் தலையில் விழும்? பொருள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர் நான் என்றால், அந்தப் பொருளை நான் பீரோவில் பூட்டித்தான் வைப்பேன். இது சோம்பல் இல்லை. ஓய்வு பெறும் நாளில் பாக்கியில்லாச் சான்று வாங்க வேண்டியவன் செய்கிற காரியம்.

இதற்கு நேர்மாறாக நடந்ததையும் சொல்கிறேன். 2018-இல் நம் புதிய பாடநூல்கள் வந்தன. பக்கத்தில் சின்னச் சதுரமாக க்யூஆர் கோடு. அரசு செய்த காரியங்களில் நான் மனசாரப் பாராட்டுவது இது. காரணம் எளிது. புது இடத்துக்கு வா என்று அது ஆசிரியரைக் கூப்பிடவில்லை. ஏற்கெனவே கையில் இருக்கும் புத்தகத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. சாவி கேட்கத் தேவையில்லை. போனைக் காட்டினால் பாடத்துக்கான படம் வரும்.

அதிலும் சங்கடம் இருந்தது, மறைக்க வேண்டாம். போன் ஆசிரியருடையது, டேட்டாவும் அவருடையது. டவர் இல்லாத ஊரில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், பிள்ளைகளும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு சின்னத் திரையைச் சுற்றி முப்பத்தெட்டு தலை. அதற்கும் ஆசிரியர்கள் வழி கண்டார்கள். ராத்திரி வீட்டில் இறக்கிவைத்துக்கொண்டு காலையில் வருவார்கள். சிலர் நாலு நாலு பேராகக் காட்டிவிட்டு மற்றவர்களுக்கு எழுத்து வேலை கொடுத்தார்கள். இன்னொருவர், போன் கேமரா கண்ணாடிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு எறும்பின் காலைப் பெரிதாகக் காட்டினார். சொட்டு ஒரு குவி லென்ஸ்தானே. எட்டாம் வகுப்புப் பையன்கள் அடுத்த நாள் ஈ, இலை, சட்டைத் துணி எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட்டார்கள். இதை எந்தக் கையேடும் அவருக்குச் சொல்லவில்லை.

கொரோனா காலத்தைப் பற்றி எல்லோரும் நிறையப் பேசிவிட்டோம், நான் சுருக்கிக்கொள்கிறேன். கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்தது, அது கைகொடுத்தது. வாட்ஸ்அப்பும் கைகொடுத்தது. காலை பத்து மணிக்குப் பாடம் அனுப்பிப் பார்த்தோம், ஒருவரும் திறக்கவில்லை. வீட்டில் இருந்த ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போயிருந்தது. அது வீடு திரும்புவது ராத்திரி எட்டு மணிக்கு. அப்புறம் எங்கள் பள்ளியும் எட்டு மணிக்கு மாறிக்கொண்டது. சுற்றறிக்கை எதுவும் வரவில்லை, யாரும் எங்களுக்குப் பயிற்சியும் தரவில்லை.

கருவியைக் கொடுத்தால் போதும் என்று நினைப்பவர்களுக்குப் பெரு நாட்டைக் காட்டலாம். பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று அங்கே லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகள் 319-ஐ எடுத்துக்கொண்டு நடத்திய ஆய்வு 2012-இல் வெளிவந்தது. கணினி கையாளத் தெரிந்தது. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் ஏறவில்லை. வகுப்பறையில் ஆசிரியர் நடத்தும் முறை மாறாதபோது கணினியும் இன்னொரு நோட்டுப் புத்தகமாகிவிடுகிறது. இங்கே நாம் 2011-இலிருந்து மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்தோம். ஏழை வீட்டுக்குள் ஒரு கணினி நுழைந்தது, கல்லூரிக்குப் போன பிள்ளைகளுக்கு அது உதவியது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பிளஸ் டூ வகுப்பில் அதைத் திறந்து பாடம் நடந்ததை நான் என் கண்ணால் பார்த்ததில்லை.

இப்போது தொடக்கப் பள்ளிகளுக்கு ஆயிரக்கணக்கில் ஸ்மார்ட் போர்டுகள் வந்துவிட்டன. ஆசிரியர்கள் கையில் டேப்லெட். சந்தோஷம். ஆனால் காலையில் அந்த டேப்லெட் ஆசிரியரிடம் முதலில் கேட்பது என்ன? வருகைப் பதிவு. அப்புறம் மதிப்பீடு, அப்புறம் வேறு ஒரு படிவம். எமிஸ் என்ற பள்ளிக்கல்வித் துறையின் இணையத் தகவல் தளத்தில் ஏற்ற வேண்டிய பதிவுகளைப் பற்றி ஆசிரியர் சங்கங்கள் பல வருடமாகப் பேசிவருகின்றன. தகவல் அரசுக்கு வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஒரு கருவி முதலில் கணக்குப்பிள்ளையாக அறிமுகமானால் அப்புறம் அது தோழனாக மாறுவது கஷ்டம். மாப்பிள்ளை முதல்முறை வீட்டுக்கு வந்ததே கடனை வசூலிக்க என்றால் எப்படி இருக்கும்?

பயிற்சி பற்றியும் ஒரு வார்த்தை. 'விரிவுரை முறையைக் கைவிடுவது எப்படி' என்பதைப் பற்றி வட்டார வள மையத்தில் காலை பத்து மணியிலிருந்து நாலரை மணிவரை விரிவுரை கேட்ட பாக்கியம் எனக்கு உண்டு. மதியம் லெமன் சாதம் நன்றாக இருந்தது.

கடைசியாக ஒரு டீச்சரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஈராசிரியர் பள்ளி. மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை. முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியைத் தானாக ஊகித்துப் படிப்பாள். 'போனாள்' என்று இருந்தால் 'போனான்' என்பாள், 'மரத்தில்' என்பதை 'மரத்தை' என்பாள். டீச்சர் திருத்தினால் தலையை ஆட்டுவாள், அடுத்த வரியில் மறுபடியும் அதே தப்பு. ஒருநாள் டீச்சர் தன் போனில் அவள் படிப்பதைப் பதிவுசெய்து, புத்தகத்தை அவள் முன்னால் விரித்துவைத்து, விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே கேள் என்று போட்டுக் காட்டினார். குழந்தை முதலில் தன் குரலைக் கேட்டு வெட்கப்பட்டுச் சிரித்தாள். மூன்றாவது வரியில் விரல் நின்றுவிட்டது. "டீச்சர், இதுல வேற இருக்கு. நான் தப்பாப் படிச்சிருக்கேன்." டீச்சர் வாயே திறக்கவில்லை.

அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு குழந்தை நாலைந்து வரி படிக்கும், அதைப் பதிந்துவைப்பார். பெற்றோர் கூட்டத்தில் அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு ஜூன் மாதப் பதிவையும் ஜனவரி மாதப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினாராம். அந்த அம்மாவுக்கு மதிப்பெண் அட்டையைப் படிக்கத் தெரியாது. ஆனால் காது இருக்கிறதே. இன்னொரு தடவை போடுங்க டீச்சர் என்று கேட்டு வாங்கிக் கேட்டார்களாம்.

நான் அந்த டீச்சரிடம், "இவ்வளவு நல்ல விஷயத்தைக் குறுவள மையக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"ஐயோ, வேண்டாம் சார்" என்றார். "சொன்னா அதுக்கு ஒரு பேர் வச்சு, இன்னைக்கு எத்தனை ரெக்கார்டிங், எத்தனை நிமிஷம்னு தினமும் சாயங்காலம் நாலு மணிக்குள்ள ஏத்தச் சொல்லிடுவாங்க."

அதனால் அவர் பெயரையும் ஊரையும் இங்கே நான் சொல்லவில்லை. வணக்கம்.