விரட்டப்பட்ட கமே திராட்சை

நேயர்களுக்கு வணக்கம்.

பிரெஞ்சு ஒயின் பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கும் தாளைப் படித்தால் ஷாப்லி, பொம்மார், ஃப்ளூரி என்று ஏதாவது எழுதியிருக்கும். எல்லாம் ஊர்ப் பெயர்கள். எந்தத் திராட்சை என்பது பெரும்பாலும் இருக்காது. ஜெர்மன் எல்லையோரத்து அல்சாஸ் இதற்கு முக்கியமான விதிவிலக்கு. அங்கே ரீஸ்லிங் என்று ரகத்தின் பெயரையே போடுகிறார்கள். மற்ற பல இடங்களில் ஊரைச் சொன்னாலே திராட்சையையும் சொன்னதாகிவிடும். ஷாப்லி என்றால் ஷார்டொனே திராட்சைதான். வேறு ரகத்தில் செய்துவிட்டு அந்தப் பெயரைப் போடச் சட்டம் விடாது. 1935-இல் நாடு முழுமைக்கும் வந்த ஏற்பாடு இது.

ஊருக்கும் கொடிக்கும் இவ்வளவு கெட்டியான முடிச்சு எப்படி விழுந்தது? இதைப் பேச, பிரான்ஸின் கிழக்கே உள்ள பர்கண்டி என்ற ஒயின் பகுதியை விட்டால் எனக்கு வேறு இடம் தோன்றவில்லை. திஜோன் நகரத்துக்குத் தெற்கே ஒரு மலைச்சரிவு, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நீளம். அகலம் மிகக் குறைவு. பல இடங்களில் நடந்தே கடந்துவிடலாம். சிவப்பு ஒயினுக்கு பினோ நுவார், வெள்ளை ஒயினுக்கு ஷார்டொனே. பெரும்பாலும் இந்த இரண்டு ரகம்தான். ஆனால் சரிவின் நடுப்பகுதியில் விளைவது ஒரு தரம், கீழே சாலையோரம் விளைவது வேறு தரம். நடுவில் மண் மெலிது, சுண்ணாம்புக்கல் பக்கத்திலேயே இருக்கும், மழைநீர் தங்காது. கீழே களிமண் ஆழம் கூடுதல், ஈரம் நிற்கும். ஒரே கொடி, ஒரே வெயில், ஆனாலும் நாக்குக்கு வித்தியாசம் தெரிகிறது. சிஸ்டெர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவிகள் இதைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து, வயல் வயலாகப் பிரித்து வைத்தார்கள். அவர்கள் சுவர் எழுப்பி வளைத்த வூஜோ தோட்டம் இன்றும் இருக்கிறது. சுமார் 125 ஏக்கர். இப்போது 80 பேர் அளவுக்குச் சொந்தக்காரர்கள். உங்கள் பங்கு மேட்டிலா பள்ளத்திலா என்பதுதான் அங்கே கேள்வி.

சரி, கமே கதைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

கமே ஒரு சிவப்புத் திராட்சை. பினோவைவிட முன்னதாகப் பழுக்கும், நிறையக் காய்க்கும். எந்த விவசாயிக்குத்தான் ஆசை வராது? ஆனால் 1395-இல் பர்கண்டியின் கோமகன் பிலிப், கமே நம்பத்தகாத, துரோகக் கொடி என்று சொல்லி, அதைப் பிடுங்கி எறிய ஆணையிட்டார். அது அதிகம் காய்த்து, பர்கண்டி ஒயினின் பெயரைக் கெடுக்கிறது என்பது குற்றச்சாட்டு. அந்தச் சுண்ணாம்பு மண்ணைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கொடியின் மேலேயே பழியைப் போட்டதுதான் எனக்கு வருத்தம்.

ஏனென்றால் அதே கமே, தெற்கே போஜொலே குன்றுகளில் வேறு ஆளாக இருக்கிறது. அதன் வடபகுதியில் அடியில் இருப்பது கிரானைட் பாறை. மேலே அது உதிர்ந்த மணல், சத்துக் குறைவு. கமேயின் அவசரம் அங்கே அடங்குகிறது. குலைகள் கட்டுக்குள் வருகின்றன, சாற்றில் மணம் திரள்கிறது.

தென்மேற்கு பிரான்ஸின் ஒயின் பகுதியான பொர்தோவிலும் இப்படித்தான், மண்ணுக்கு ஏற்ற கொடி. ஆற்றின் இடக்கரையில் சரளைக்கல் வெப்பத்தைப் பிடித்து வைப்பதால், தாமதமாகப் பழுக்கும் காபர்னே சோவினியோனுக்கு அது தோது. வலக்கரையின் குளிர்ந்த களிமண்ணில் மெர்லோ.

1999-இல் மரபணுச் சோதனை ஒன்று வெளிவந்தது. கமேயின் பெற்றோர், பினோவும் குவே பிளாங் என்ற வெள்ளைத் திராட்சையும். குவே பிளாங் ஏழை விவசாயிகளின் கொடி, யாரும் மதிக்காதது. இதே இரண்டுக்கும் பிறந்த இன்னொரு பிள்ளை யார் தெரியுமா? ஷார்டொனே! ஒன்றுக்குச் சிம்மாசனம், கூடப்பிறந்ததற்கு நாடுகடத்தல்.

போஜொலேயில் முலான்-ஆ-வான் என்ற பகுதி உண்டு. பழைய காற்றாலை ஒன்றின் பெயர் அது. இன்றும் தோட்டங்களுக்கு நடுவே நிற்கிறது. அங்கே விளைந்த கமே ஒயினைச் சில ஆண்டுகள் பாட்டிலிலேயே விட்டுவைத்தால் அதன் மணம் மாறும். அதைச் சொல்ல பிரெஞ்சில் தனியாக ஒரு வினைச்சொல்லே இருக்கிறது: பினோத்தே. கமே, பினோவைப் போல ஆகிவிட்டது என்று பொருள்.

நன்றி, வணக்கம்.